வடகிழக்குப் பருவமழைக்கு முன் உள்ளாட்சியும் ஊர்மக்களும் ஆயத்தமாவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழகத்தின் கடலோர மாவட்டங்களிலும், ஆறு, ஏரிகளை ஒட்டிய ஊர்களிலும் குடியிருப்போருக்காக இந்தக் கேள்வி பதில்கள் எழுதப்பட்டுள்ளன. 2015 சென்னை வெள்ளம், 2018 கஜா புயல், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல், அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களை மூழ்கடித்த பெருமழை, 2024 ஃபெஞ்சல் என ஒவ்வொரு முறையும் வெளியுதவி வந்து சேரும்வரை முதல் ஓரிரவையோ இரண்டு நாட்களையோ அந்தந்தத் தெருவும் ஊரும் தம்மிடம் இருந்ததை வைத்தே கடக்க நேர்ந்தது. அந்த முதல் இரவுக்கான ஏற்பாட்டை அக்டோபர் பிறப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்பதே இங்குள்ள பதில்கள் பலவற்றுக்கும் அடிப்படை.

பேரிடர் காலத்தில் பொறுப்பு மாவட்ட ஆட்சியருக்கா, உள்ளாட்சிக்கா?

இருவருக்கும் உண்டு. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியரைத் தலைவராகவும், தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிப் பிரதிநிதியை இணைத் தலைவராகவும் கொண்ட மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் செயல்படுகிறது. மக்களை வெளியேற்றுவது, பள்ளிகளுக்கு விடுமுறை விடுவது, நிவாரண முகாம்களைத் திறப்பது, அரக்கோணத்தில் உள்ள தேசியப் பேரிடர் மீட்புப் படையை வரவழைப்பது போன்ற முடிவுகள் ஆட்சியர் வழியாகவே நடக்கின்றன. களத்தில் வட்டாட்சியர், வருவாய் ஆய்வாளர், கிராம நிர்வாக அலுவலர் ஆகியோர் அவற்றை நிறைவேற்றுகின்றனர்.

ஆனால் அதே சட்டத்தின் 41ஆம் பிரிவு உள்ளாட்சிகளுக்கென்றே தனிக் கடமைகளை விதித்திருக்கிறது. பணியாளர்களுக்குப் பயிற்சி தருவது, கருவிகளையும் வளங்களையும் எந்த நேரமும் பயன்படுத்தக்கூடிய நிலையில் வைத்திருப்பது, தம் எல்லைக்குள் எழும் கட்டுமானங்கள் பேரிடர் தடுப்பு நெறிகளுக்கு உட்பட்டிருப்பதை உறுதிசெய்வது, பாதிப்புக்குப் பின் நிவாரணப் பணிகளை மேற்கொள்வது ஆகியவை அவற்றுள் அடங்கும். ஆகவே, இது வருவாய்த் துறையின் வேலை என்று ஒதுங்கிக்கொள்ள எந்த ஊராட்சிக்கும் சட்டம் இடம் தரவில்லை. மாநிலத் தலைநகரங்களுக்கும் மாநகராட்சி நகரங்களுக்கும் தனியாக நகர்ப்புறப் பேரிடர் மேலாண்மை ஆணையங்களை அமைக்க 2025ஆம் ஆண்டுத் திருத்தம் வழிசெய்திருக்கிறது.

எங்கள் ஊராட்சியில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லை. யாரிடம் கேட்பது?

பெரும்பாலான மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரித் தொடக்கத்தில் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் சென்றது. அத்தகைய காலங்களில் கிராம ஊராட்சிக்குப் பொறுப்பான வட்டார வளர்ச்சி அலுவலரிடமும், நாள்தோறும் ஊரில் இருக்கும் ஊராட்சிச் செயலரிடமும் கேட்க வேண்டும். தலைவர் இல்லை என்பதால் ஊராட்சியின் கடமை குறைந்துவிடுவதில்லை.

மழை தொடங்குவதற்கு முன் உள்ளாட்சி என்னென்ன முடித்திருக்க வேண்டும்?

மழைநீர் வடிகால்களைத் தூர்வாருவதும், வாய்க்கால்களில் ஆகாயத்தாமரையை அகற்றுவதும், சாலையோர மரங்களின் பட்டுப்போன கிளைகளை வெட்டுவதும் பரவலாக அறியப்பட்ட வேலைகள். அவை நடந்தாலும் நடக்காவிட்டாலும் செய்தித்தாளில் வந்துவிடும். யாருடைய கண்ணிலும் படாமல் போய், ஆபத்து நேரத்தில் ஊரையே முடக்கிவிடும் சிறிய ஏற்பாடுகளைப் பற்றி இங்குச் சற்று விரிவாகச் சொல்வதுதான் பயன் தரும்.

முதலாவது குடிநீர். புயல் கரையைக் கடந்தபின் முதலில் நிற்பது மின்சாரம். மின்சாரம் நின்றதும் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டிக்கு நீரேற்றும் மோட்டாரும் நின்றுவிடும். கஜா புயலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சேதமடைந்து, டெல்டாவின் உட்கிராமங்கள் பல வாரக்கணக்கில் இருளில் கிடந்தபோது, வாடகை ஜெனரேட்டரைக் கொண்டுவந்து தொட்டியை நிரப்புவதே ஊர்களின் முதல் போராட்டமாக இருந்தது. 30,000 லிட்டர் கொள்ளளவுள்ள தொட்டி முழுவதுமாக நிரம்பியிருந்தால், தலைக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் வீதம் ஆயிரம் பேருக்கு இரண்டு நாள் தாங்கும். பாதி நிரம்பிய தொட்டியோடு புயலைச் சந்திக்கும் ஊர் மறுநாள் மாலையே குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியிருக்கும். எனவே புயல் எச்சரிக்கை வந்த அன்றே தொட்டியை நிரப்பி வைக்கும் பொறுப்பைத் தொட்டி இயக்குபவருக்கு எழுத்து மூலம் கொடுத்திருக்க வேண்டும். ஜெனரேட்டரை யார் தருவார், வாடகை எவ்வளவு, டீசல் எங்கே இருக்கிறது என்பதையும் முன்கூட்டியே பேசி முடித்துவிட வேண்டும்.

இரண்டாவது சாவி. முகாமாக அறிவிக்கப்பட்ட பள்ளியின் சாவி, பக்கத்து நகரத்தில் குடியிருக்கும் தலைமையாசிரியரிடம் மட்டும் இருக்குமானால், இரவு பதினொரு மணிக்குக் கைக்குழந்தைகளோடு வந்து நிற்பவர்கள் தாழ்வாரத்தில்தான் காத்திருக்க வேண்டும். மாற்றுச் சாவி ஒன்று ஊருக்குள்ளேயே இருவர் அறிய இருக்க வேண்டும். சமுதாயக் கூடம், கழிப்பறை, மோட்டார் அறை ஆகியவற்றின் சாவிகளுக்கும் இது பொருந்தும்.

மூன்றாவது மதகு. ஏரி மதகின் அடைப்புப் பலகையும் திருகுக் கம்பியும் ஆண்டு முழுவதும் அசைக்கப்படாமல் துருவேறிப் போயிருந்தால், கரை உடையும் நிலையில் அவற்றைத் திறக்க எவராலும் இயலாது. செப்டம்பரிலேயே மசகு போட்டு ஒருமுறை ஏற்றி இறக்கிப் பார்ப்பதற்கு அரை நாள் போதும். பெரிய ஏரிகள் நீர்வளத் துறையின் பொறுப்பு என்றாலும், அதைச் செய்தார்களா என்று கேட்கும் உரிமை ஊராட்சிக்கு உண்டு.

மணல் மூட்டை, மரம் அறுக்கும் இயந்திரம், நீர் இறைக்கும் மோட்டார், ஜேசிபி ஓட்டுநரின் எண் ஆகியவற்றைத் தனித்தனியே விளக்கத் தேவையில்லை. படகைப் பற்றி மட்டும் ஒரு சொல்: 2015 வெள்ளத்திலும் மிக்ஜாமிலும் சென்னையின் தெருக்களுக்குள் சென்று மக்களை மீட்டவர்களில் மீனவர்கள் முக்கியமானவர்கள். அவர்களுடைய பைபர் படகுகளையும், அவற்றை ஏற்றிவர லாரிகளையும், அதற்குரிய கூலியையும் கடலோர உள்ளாட்சிகள் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது, வெள்ளம் வந்தபின் அவர்களுடைய நல்லெண்ணத்தை மட்டும் நம்பியிருப்பதைவிட நேர்மையானது.

இவையெல்லாம் எங்கள் ஊரில் நடந்திருக்கின்றனவா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கிராமங்களில் இதற்கு வாய்ப்பான நாள் அக்டோபர் 2. ஆண்டுக்கு ஆறு முறை நடைபெறும் கிராம சபைக் கூட்டங்களில் காந்தி ஜெயந்திக் கூட்டம் பருவமழை தொடங்கும் தறுவாயில் வருகிறது. எந்தக் கட்டடம் முகாம், அதில் எத்தனை பேர் தங்கலாம், சாவி யாரிடம், தொட்டிக்கு ஜெனரேட்டர் உண்டா, எங்கள் தெரு நனைந்தால் யார் வந்து சொல்வார் என்ற ஐந்து கேள்விகளை அங்கே எழுப்பி, பதில்களைத் தீர்மானப் புத்தகத்தில் பதியச் சொல்லலாம். பேச்சளவில் முடிந்த உறுதிமொழிக்கும் பதிவேறிய தீர்மானத்துக்கும் உள்ள வேறுபாடு நவம்பரில் தெரியவரும்.

நகரங்களில் வார்டு குழுக்களும், வார்டுக்குள் பகுதிவாரியாக மக்கள் கூடும் பகுதி சபைகளும் உள்ளன. பகுதி சபை என்ற ஒன்று இருப்பதே பல குடியிருப்போருக்குத் தெரியாது என்பது வருத்தத்துக்குரியது. வார்டு உறுப்பினரிடம் அடுத்த கூட்டம் எப்போது என்று கேட்பதிலிருந்து தொடங்கலாம்.

ஆபத்து நேரத்தில் உதவி தேவைப்படுவோரின் வார்டுப் பட்டியல் என்று சொல்கிறார்களே, அதில் என்ன எழுத வேண்டும்?

ஒரு தெருவுக்கு ஒரு தாள் போதும். கதவு எண், வீட்டில் உள்ளோர் எண்ணிக்கை, அவர்களில் தானாக நடந்து வர இயலாதவர் யார், அவரைத் தூக்கிவர எத்தனை பேர் வேண்டும், எந்த வண்டி, எந்த இருவர் பொறுப்பு என்பவை முதல் வரிசை. பேறுகாலம் நெருங்கிய பெண்கள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், ஆக்சிஜன் கருவியை நம்பியிருப்பவர்கள், இன்சுலின் போடுபவர்கள், காது கேளாதவர்கள், தனியே வாழும் முதியவர்கள், தமிழ் அறியாத வெளிமாநிலத் தொழிலாளர்கள் தங்கியிருக்கும் அறைகள் ஆகியவை அடுத்தவை. ஆடு மாடுகளையும் எழுத வேண்டும். அதற்கான காரணம் பின்னால் வருகிறது.

இதைத் தயாரிக்க ஏற்றவர்கள் அங்கன்வாடிப் பணியாளர், கிராம சுகாதாரச் செவிலியர், மகளிர் சுயஉதவிக் குழுவினர், ரேஷன் கடைக்காரர் ஆகியோர். எந்த வீட்டில் யார் படுக்கையில் கிடக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரியும். சுற்றுலா வந்தவர்களோ வாடகைக்குப் புதிதாகக் குடிவந்தவர்களோ விடுபடாமலிருக்க, செப்டம்பர் இறுதியில் ஒருமுறை வீடு வீடாகச் சரிபார்ப்பது நல்லது. நோய் விவரங்கள் அடங்கிய தாள் என்பதால் அதைத் தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடக் கூடாது. பொறுப்பாளர் இருவரிடமும் ஊராட்சி அலுவலகத்திலும் மட்டும், தண்ணீர் படாத உறையில் அச்சுப்படியாக இருக்கட்டும். கைப்பேசி அணைந்தபின்னும் தாளைப் படிக்க முடியும்.

மாநில அரசின் ஏற்பாட்டில் பாதிப்புக்குள்ளாகும் பகுதிகளுக்கு முதல்நிலை மீட்பாளர்களும், ஆப்த மித்ரா திட்டத்தில் பயிற்சி பெற்ற தன்னார்வலர்களும் இருக்கிறார்கள். உங்கள் பகுதிக்குரியவர்கள் யார் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு, அவர்களுடைய பெயர்களையும் அதே தாளில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரெட் அலர்ட் வந்தால் உடனே வீட்டைவிட்டு வெளியேற வேண்டுமா?

அப்படியில்லை. வானிலை ஆய்வுத் துறையின் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்கள் முதன்மையாக நிர்வாகம் எந்த அளவுக்கு ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பதைக் குறிப்பவை. 24 மணி நேரத்தில் 6.5 முதல் 11.5 செ.மீ. வரை பெய்தால் கனமழை, 20 செ.மீ. வரை மிகக் கனமழை, அதற்கும் மேல் போனால் அதிகனமழை. எச்சரிக்கை மாவட்டம் முழுமைக்கும் பொதுவாக விடுக்கப்படுகிறது. ஒரே மாவட்டத்தில் ஓர் ஊர் மூழ்கவும் இன்னோர் ஊர் தூறலோடு தப்பவும் கூடும். தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 2023 டிசம்பர் 18 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை பதிவானது, அதிகனமழை என்ற வரையறையைப்போல் அது நான்கு மடங்குக்கும் மேல். இத்தகைய மழையை எந்த நிறமும் முழுமையாக உணர்த்திவிடாது.

ஆகவே நிறத்தோடு சேர்த்து உங்கள் இடத்தையும் பாருங்கள். தாழ்வான பகுதி, ஆற்றங்கரை, ஏரியின் கலங்கல் நீர் (நிரம்பி வழியும் உபரிநீர்) போகும் வழி, கடற்கரையிலிருந்து சில நூறு மீட்டர், குடிசை அல்லது ஓட்டு வீடு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று பொருந்தினால், சிவப்பு அறிவிப்பு வந்ததுமே முகாமுக்கோ மேடான பகுதியிலுள்ள உறவினர் வீட்டுக்கோ பகலிலேயே போய்விடுவது உத்தமம். மற்றவர்கள் வீட்டிலேயே இருக்கலாம்.

அணை அல்லது ஏரி திறக்கப்படும் செய்தி கிடைத்தால் எவ்வளவு நேரம் இருக்கும்?

அது உங்கள் ஊர் எவ்வளவு கீழே இருக்கிறது, எத்தனை கன அடி திறக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தது. 2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்குச் சுமார் 29,000 கன அடி வெளியேற, அடையாற்றின் இரு கரைகளும் மூழ்கின. 2024 டிசம்பர் 2ஆம் நாள் விடியலுக்கு முன் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறக்கப்பட்டு, தென்பெண்ணை விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் கரையோர ஊர்களுக்குள் புகுந்தது. இரண்டும் மக்கள் உறங்கும் நேரம்.

இதிலிருந்து உள்ளாட்சிகள் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம், எச்சரிக்கையை அனுப்பிவிட்டோம் என்பதோடு வேலை முடிவதில்லை என்பதுதான். நள்ளிரவில் வரும் குறுஞ்செய்தியைப் பலர் காலையில்தான் படிப்பார்கள். கோயில், பள்ளிவாசல், தேவாலயம் ஆகியவற்றின் ஒலிபெருக்கிகள், தண்டோரா, கதவைத் தட்ட ஆள் என்று இரவுக்கென்றே தனி ஏற்பாடு வேண்டும். ஒலிபெருக்கிக்கு பேட்டரி இணைப்பும் வேண்டும். அணையில் இத்தனை கன அடி திறந்தால் நம் ஊர்ப் பாலத்தில் தண்ணீர் எந்த மட்டத்துக்கு வந்தது என்பதை ஒவ்வோர் ஆண்டும் பாலத் தூணில் வண்ணம் பூசிக் குறித்துவைத்தால், கன அடிக் கணக்கு எல்லோருக்கும் புரியும்படி ஆகிவிடும்.

வெளியேறச் சொன்னாலும் சிலர் மறுக்கிறார்களே, என்ன செய்வது?

அவர்களுடைய காரணத்தை முதலில் கேட்க வேண்டும். வீட்டில் திருட்டுப் போகும் என்ற அச்சம், கட்டிவைத்த மாட்டை விட்டுப்போக மனமின்மை, கரையில் நிற்கும் படகும் வலையும், முன்பு தங்கிய முகாமில் கழிப்பறை இருந்த நிலை, முகாமில் தம்மை எப்படி நடத்துவார்கள் என்ற தயக்கம் ஆகியவை பெரும்பாலும் நியாயமானவை. காவலர் ரோந்து உண்டு என்று உறுதி கூறி, கால்நடைகளுக்கு மேட்டில் ஓர் இடமும் வைக்கோலும் ஒதுக்கினால் பாதிப்பேர் கிளம்பிவிடுவார்கள். பட்டியலில் ஆடு மாடுகளைச் சேர்க்கச் சொன்னது இதற்காகத்தான்.

முன்கூட்டி வெளியேறுவது உயிரைக் காக்கிறது என்பதில் ஐயமில்லை. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைப் புயல் அழித்தபோது பயணிகளோடு ஒரு ரயிலே அலையில் போயிற்று. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா வேதாரண்யம் அருகே கரையைக் கடப்பதற்கு முன் எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டிருந்தனர். டெல்டாவில் தென்னையும் வீடும் படகும் பெருமளவில் போயின என்றாலும், அன்றைய காற்றின் வேகத்தில் அத்தனை பேரும் குடிசைகளுக்குள் இருந்திருந்தால் உயிரிழப்பு பன்மடங்காகியிருக்கும்.

முகாம் எப்படி இருக்க வேண்டும்?

நிவாரணப் பணிகளுக்கு உலக அளவில் பின்பற்றப்படும் ஸ்பியர் நெறிமுறை, ஒருவருக்குக் குறைந்தது மூன்றரைச் சதுர மீட்டர் இடம் என்று வகுத்திருக்கிறது. இருபதுக்கு இருபது அடி வகுப்பறை ஒன்றின் பரப்பு ஏறத்தாழ 37 சதுர மீட்டர். அதில் பத்துப் பேர்தான் முறையாகத் தங்க முடியும். ஓரிரவுக்கு இந்த அளவைத் தளர்த்தலாம், ஆனால் முகாமின் கொள்ளளவை எழுதும்போது இந்தக் கணக்கை நினைவில் வைக்க வேண்டும். பெண்களுக்குத் தனி அறை, உள்தாழ்ப்பாளும் விளக்கும் உள்ள கழிப்பறை, நாப்கின், பாலூட்ட மறைவிடம், சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் ஆகியவை சலுகைகள் அல்ல.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2004 சுனாமிக்குப் பின் சில இடங்களில் தலித் குடும்பங்கள் முகாமிலும் நிவாரணத்திலும் ஒதுக்கப்பட்டது பதிவாகியிருக்கிறது. சாதி பார்த்து இடம் ஒதுக்குவது தண்டனைக்குரிய குற்றம். முகாம் பொறுப்பாளரை நியமிக்கும் நாளிலேயே இதை எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும்.

வீட்டில் என்னென்ன வைத்திருக்க வேண்டும்?

மூன்று நாளைக்குக் குடிநீர், சமைக்காமல் உண்ணக்கூடிய அவல், பொரி, பிஸ்கட், பேரீச்சை போன்றவை, ஒரு வாரத்துக்கு மாத்திரை, டார்ச், சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க், பேட்டரியில் ஓடும் வானொலி, தீப்பெட்டி, கொஞ்சம் பணத்தாள். குடும்ப அட்டை, ஆதார், பட்டா, வங்கிப் புத்தகம், மதிப்பெண் சான்றிதழ் ஆகியவற்றை ஒரே நெகிழிப் பையில் இறுகக் கட்டிப் பரணில் வைக்கவும். தண்ணீர் வாசலைத் தொட்டதும் மெயின் சுவிட்சை அணைத்துவிட வேண்டும். மழைக்காலச் சாவுகளில் மின்சாரம் தாக்கி நேர்பவை தவிர்க்கக்கூடியவை. ஜெனரேட்டரை அறைக்குள் ஓட்டக் கூடாது, அதன் புகை உயிரைப் பறிக்கும்.

புயல் வீசும்போது திடீரென்று காற்று நின்றுவிட்டால் வெளியே வரலாமா?

கூடாது. புயலின் மையப்பகுதி தலைக்கு மேல் கடக்கும்போது காற்று ஓயும். சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் மீண்டும் அடிக்கும். அதிகாரபூர்வ அறிவிப்பு வரும்வரை உள்ளேயே இருக்கவும்.

அடுக்குமாடிக் குடியிருப்பினர் என்ன செய்ய வேண்டும்?

பல கட்டடங்களில் ஜெனரேட்டர், மின்பலகை, கீழ்நிலைத் தொட்டியின் மோட்டார் ஆகிய மூன்றும் தரைத்தளத்திலோ அடித்தளத்திலோ இருக்கின்றன. நான்கு அடி தண்ணீர் ஏறினால் பத்து மாடியும் செயலிழக்கும். அவற்றை மேடையில் உயர்த்தி வைப்பதற்கான செலவைச் சங்கப் பொதுக்குழுவில் முடிவுசெய்யுங்கள். மழை தொடங்கியதும் லிஃப்டைத் தரைத்தளத்தில் நிறுத்தாமல் மேல்மாடியில் நிறுத்துங்கள். வீட்டுப் பணியாளர்களும் காவலாளியும் தங்கும் கீழ்த்தள அறைதான் முதலில் மூழ்கும் என்பதை மறக்க வேண்டாம்.

2024 அக்டோபரில் வேளச்சேரி மேம்பாலத்தில் மக்கள் கார்களை வரிசையாக நிறுத்திவைத்தது அவர்களுடைய முந்தைய அனுபவத்தின் விளைவு. மேடான மைதானங்களையும் வாகன நிறுத்தங்களையும் அந்த இரண்டு மூன்று நாளுக்கு மாநகராட்சி திறந்துவிட்டால், மேம்பாலங்கள் ஆம்புலன்ஸுக்குக் காலியாக இருக்கும்.

எங்கள் பகுதியில் ரசாயனத் தொழிற்சாலைகள் உள்ளன. அதற்கும் திட்டம் உண்டா?

உண்டு. அபாயகரமான பொருட்களைக் கையாளும் பெரிய ஆலைகள் வளாகத்துக்குள்ளான திட்டம் வைத்திருக்க வேண்டும். வளாகத்துக்கு வெளியிலான திட்டம் மாவட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர்ப் பெரியகுப்பம் பகுதியில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, மக்கள் மூச்சுத் திணறலோடு தாங்களாகவே வீடுகளைவிட்டு ஓடினர். பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். எந்தச் சங்கு எதைக் குறிக்கிறது, எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை மக்களுக்குச் சொல்லாத திட்டம் கோப்பில் இருந்து பயனில்லை. பொதுவாக, காற்று வீசும் திசைக்குக் குறுக்காக விலகிச் செல்ல வேண்டும். வெளியேற முடியாவிட்டால் கதவு ஜன்னல்களை அடைத்து, ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ள வேண்டும்.

அரசு உதவி வரத் தாமதமானால்?

2023 டிசம்பரில் ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் வெள்ளம் சூழ்ந்து, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயிலில் இருந்த சுமார் 800 பயணிகள் சிக்கிக்கொண்டனர். ஹெலிகாப்டர்கள் வருவதற்கு முன் அவர்களுக்குச் சோறு சமைத்துக் கொடுத்தவர்கள் அருகிலிருந்த புதுக்குடி மக்கள். அந்த ஊரிலும் அரிசி குறைவாகத்தான் இருந்திருக்கும். பொதுச் சமையலுக்கு அண்டா, விறகு அல்லது கேஸ் சிலிண்டர், இரண்டு மூட்டை அரிசி, பருப்பு ஆகியவற்றை முகாம் கட்டடத்தின் மேல்தளத்தில் வைத்திருப்பது எந்த ஊராட்சிக்கும் இயலாத காரியமல்ல.

வாட்ஸ்அப்பில் ஏரி உடைந்துவிட்டது என்று வரும் செய்தியை நம்பலாமா?

மாவட்டக் கட்டுப்பாட்டு அறையைக் கேட்காமல் பகிர வேண்டாம். பீதியூட்டும் பொய் எச்சரிக்கையைப் பரப்புவோருக்கு பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 54ஆம் பிரிவு ஓராண்டு வரை சிறையோ அபராதமோ விதிக்கிறது.

வெள்ளம் வடிந்தபின் முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?

கிணறும் தொட்டியும். குளோரின் கலக்கப்படும்வரை கொதிக்கவைத்த நீரையே குடிக்கவும். சேற்றில் வெறுங்காலுடன் நடந்தால் எலிக்காய்ச்சல் தொற்றலாம்; காய்ச்சலோடு தசைவலி வந்தால் ஆரம்பச் சுகாதார நிலையத்துக்குச் செல்லவும். சுத்தம் செய்யத் தொடங்குவதற்கு முன் சுவரில் தண்ணீர் நின்ற மட்டத்தையும் சேதமான பொருட்களையும் படம் எடுத்துவையுங்கள், கணக்கெடுப்புக்கு வரும் அலுவலரிடம் காட்ட உதவும். தூய்மைப் பணியாளர்களுக்குக் காலணியும் கையுறையும் தராமல் சேற்றில் இறக்கும் உள்ளாட்சியை அங்கேயே தட்டிக்கேட்க வேண்டும்.

எந்த எண்களை எழுதி வைப்பது?

அவசர உதவிக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108, தீயணைப்புக்கு 101, மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070, சென்னை மாநகராட்சிக்கு 1913, மின்தடைக்கும் அறுந்து விழுந்த கம்பிக்கும் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987. இவற்றோடு கிராம நிர்வாக அலுவலர், தொட்டி இயக்குபவர், சாவி வைத்திருப்பவர் ஆகியோரின் எண்களையும் சேர்த்துக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவையுங்கள்.